விரத நாளும் வெறும் நாளும்

அம்மா திருநெல்வேலியிலிருந்து போன் செய்து, "வெறும் வயித்துல சர்க்கரை நூத்தி நாப்பது இருக்குடி" என்று கவலைப்பட்டாள். அதே வாரம் இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டில், என் மாமியாருக்கு வந்த இரத்தப் பரிசோதனைத் தாளில் 7.8 என்று இருந்தது. அதைக் கேட்ட அம்மா, "கொடுத்து வச்ச மகராசி, ஏழுதானே இருக்கு" என்றாள். அத்தையோ இங்குள்ள கிரியோல் மொழியும் தமிழுமாக, "உங்க அம்மாவுக்கு நூற்று நாற்பதா, ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அம்மாவுக்காக விளக்கேற்றப் போனார்.

இரண்டும் ஒரே அளவுதான். இந்தியாவில் ஒரு டெசிலிட்டர், அதாவது நூறு மில்லி, இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்று எழுதுகிறார்கள். இங்கே ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் (எடையை விட்டு மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் அளவு) என்று எழுதுகிறார்கள். இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் அங்குள்ள எண் வந்துவிடும். 7.8ஐப் பெருக்கிப் பாருங்கள், 140. வெறும் வயிற்றில் 126, அதாவது 7.0, அல்லது அதற்கு மேல் இருந்து, மறுபடி பார்த்தாலும் அப்படியே இருந்தால் அது சர்க்கரை நோய். ஆக, சம்பந்திகள் இருவருக்கும் நிலைமை ஒன்றுதான். பரிதாபப்பட வேண்டியது யார் யாரைப் பார்த்து என்பதுதான் புரியவில்லை.

நான் மருத்துவர் இல்லை. மாலை நேரத்தில் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். ஆனால் வகுப்பில் உணவு பற்றிய பாடம் வந்தால் இலக்கணச் சந்தேகம் ஒருவருக்கும் வருவதில்லை. "டீச்சர், எங்க வீட்டில் எல்லாருக்கும் தியாபெத், சர்க்கரை நோய். இது எங்க இரத்தத்திலேயே இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்காகப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாப்பாடு மூன்று விதத்தில் நம்மை நோயாளியாக்கும். கெட்டுப்போன மீன் அன்றிரவே கணக்கைத் தீர்த்துவிடும். ஒரு சத்து அறவே இல்லாமல் போனால் சில வாரங்களிலோ மாதங்களிலோ தெரியும். தீட்டிய வெள்ளை அரிசியைத் தவிர வேறு அதிகம் கிடைக்காதவர்களுக்குக் கால் மரத்துப்போகும் பெரிபெரி வந்தது இப்படித்தான், அரிசியின் தவிட்டோடு தயமின் என்ற வைட்டமினும் போய்விட்டதால். மூன்றாவது விதம்தான் வில்லங்கமானது. பத்து, இருபது, முப்பது வருஷம் சத்தமே இல்லாமல் நடக்கும். வலி இருக்காது. காரணமும் விளைவும் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் நம்மால் இரண்டையும் முடிச்சுப் போட முடிவதில்லை. அதனால்தான் நெஞ்சுவலி வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள், போன வாரக் கல்யாணத்தில் அவர் சாப்பிட்ட பாயசத்தின் மேல் பழியைப் போடுகிறார்கள்.

எவ்வளவு முன்னாலேயே தொடங்குகிறது என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்து 1953இல் எழுதினார்கள். அவர்களின் சராசரி வயது 22. ஓடியாடிச் சண்டை போட்ட பையன்கள். அவர்களில் நூற்றுக்கு 77 பேரின் இதயக் குழாய்களில் கொழுப்புப் படிவதற்கான தடயம் இருந்தது. அறுபதில் வருகிற மாரடைப்புக்கு இருபதிலேயே அஸ்திவாரம் போட்டாகிவிடுகிறது என்று அதற்குப் பிறகுதான் உலகம் பரவலாகப் பேசத் தொடங்கியது.

இனி நம் தீவின் கதைக்கு வருகிறேன். சாப்பாட்டுக்கும் நோய்க்கும் உள்ள உறவைப் பற்றி எழுதும் வெளிநாட்டு மருத்துவர்கள் இதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். இங்குள்ளவர்களில் பலருக்கு இது தெரியாது என்பதுதான் வேடிக்கை.

1980களில் இங்கே பெரும்பாலான வீடுகளில் கொதித்தது ரேஷன் எண்ணெய். மலிவு. அதில் பெரும்பங்கு பாமாயில். பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. அந்த வகைக் கொழுப்பு அதிகமானால் கல்லீரல் தன் வேலையில் சுணங்கும். இரத்தத்தில் ஓடும் கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுப்பதற்குக் கல்லீரல் செல்களின் மேல் கைகள் மாதிரி சில உறுப்புகள் உண்டு. நிறைவுற்ற கொழுப்பு அந்தக் கைகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. பிடிக்க ஆளில்லாத கொலஸ்ட்ரால் இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருந்து, குழாய்ச் சுவருக்குள் நுழைந்து படிகிறது.

1987இல் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ரேஷன் எண்ணெயை முழுக்க சோயா எண்ணெயாக மாற்றினார்கள். சோயாவில் நிறைவுற்ற கொழுப்பு நூற்றுக்குப் பதினைந்து பங்குதான். அத்தையிடம் கேட்டேன், அப்போது எதுவும் வித்தியாசம் தெரிந்ததா என்று. "எண்ணெய் எண்ணெய்தானே" என்றார். அதுதான் விஷயம். உபதேசமும் ஒரு பக்கம் நடந்தது, ஆனால் எண்ணெய் விஷயத்தில் யாருடைய மன உறுதியையும் நம்பவில்லை, சட்டிக்குள் இருந்ததையே மாற்றிவிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1992இல், மறுபடி ஆயிரக்கணக்கானவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது சராசரிக் கொலஸ்ட்ரால் 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. இந்தியக் கணக்கில் 213லிருந்து 182. (கொலஸ்ட்ராலுக்கு 18 உதவாது, ஏறக்குறைய 38.7ஆல் பெருக்க வேண்டும். இந்த விஷயத்தில் மட்டும் உலகம் ஏன் ஒன்றுகூட மறுக்கிறது என்று எனக்குக் கோபம்தான்.) மாத்திரை தராமல் ஒரு நாட்டின் சராசரியே இவ்வளவு இறங்கியது. அந்த இறக்கம் முழுவதும் எண்ணெயால் மட்டுமே வந்ததில்லை, ஆனால் அதில் கணிசமான பங்கு அதனுடையது.

இங்கேயே கதையை முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஐந்து வருஷத்தில் மக்களின் உடல் எடை கூடியது. எண்ணெயின் ரகம் மாறியது, கரண்டியின் அளவு மாறவில்லை. பாமாயிலோ சோயாவோ நல்லெண்ணெயோ, ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. உங்கள் வீட்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. ஒரு மாதத்தில் தீர்ந்த எண்ணெயை ஆட்களால் வகுத்து, அப்புறம் முப்பதால் வகுத்துப் பாருங்கள். நாலு பேருக்கு மூன்று லிட்டர் என்றால் தலைக்கு, நாளுக்கு 25 மில்லி. எங்கள் வீட்டில் நாலு பேருக்கு ஐந்து லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது. வகுத்துப் பார்த்தபோது 40 மில்லிக்கு மேல் வந்தது. நாங்கள் எண்ணெய் அதிகம் சேர்ப்பதில்லை என்றுதான் அதுவரை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சர்க்கரை நோய்க்கு வருவோம். 1987இல் இங்கே நடந்த முதல் பெரிய கணக்கெடுப்பில் ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு இருந்தது. 2009இல் 25 முதல் 74 வயதுக்குட்பட்டவர்களில் 23.6 சதவீதம், கிட்டத்தட்ட நாலில் ஒருவர். 2021இல் அது 19.9 சதவீதமாகக் குறைந்தது. குறைந்தாலும் ஐந்தில் ஒருவர். பேருந்தில் என் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

தமிழில் இந்த நோயின் பெயரே ஒரு பொய் சொல்கிறது. 'சர்க்கரை நோய்' என்றதும் சர்க்கரை தின்றால் வருவது, தின்னாவிட்டால் வராதது என்று நினைத்துக்கொள்கிறோம். தேநீரில் சர்க்கரையை நிறுத்திவிட்டு மூன்று தட்டுச் சோறு சாப்பிடும் மாமாக்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். உடம்புக்குச் சோறும் ரொட்டியும் மரவள்ளிக்கிழங்கும் குளுக்கோஸ்தான். சாப்பிட்டதும் அது இரத்தத்தில் ஏறும். கணையம் இன்சுலினைச் சுரக்கும். இன்சுலின் வந்து தட்டினால் தசைகள் கதவைத் திறந்து குளுக்கோஸை உள்ளே வாங்கிக்கொள்ளும். நம் உடம்பின் பெரிய கிடங்கு தசைதான். நேற்றுப் போட்ட மூட்டையை யாரும் எடுத்துச் செலவழிக்காவிட்டால் இன்றைய மூட்டையை எங்கே வைப்பது? நடக்காத, குனியாத, தூக்காத உடம்பில் கிடங்கு எப்போதும் நிறைந்திருக்கும். மிஞ்சியது கொழுப்பாக மாறி வயிற்றைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சேரும். அந்தக் கொழுப்பு சேரச் சேர, இன்சுலின் தட்டுவது கதவுக்குக் கேட்பதில்லை. கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சுரந்து சமாளிக்கும். பரிசோதனைத் தாளில் எல்லாம் சரி என்றே வரும். இந்தச் சமாளிப்புப் பல வருஷம் ஓடும். ஒரு நாள் கணையம் களைத்துவிடும். அன்றைக்குத்தான் நமக்கு நோய் 'வந்ததாக' டாக்டர் சொல்கிறார்.

ஒல்லியாக இருக்கிறேனே என்று தப்பிக்கவும் முடியாது. தெற்காசிய உடம்புக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் இடுப்பில் சேர்த்து வைக்கும் குணம் உண்டு. ஆகவே தராசைவிட இன்ச் டேப் நல்லது. நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் சுற்றளவைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அளக்கக் கூடாது, நான் முயன்றிருக்கிறேன்.

அப்படியானால் இது இரத்தத்தில் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் பாதி பதில்தான் அது. 1987 கணக்கெடுப்பில் ஆராய்ச்சியாளர்களை அசத்தியது இன்னொரு செய்தி. இந்திய வம்சாவளி இந்துக்கள், முஸ்லிம்கள், ஆப்பிரிக்க வேர் கொண்ட கிரியோல்கள், சீனர்கள் என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நோய் இருந்தது. அந்தக் காலத்தில் சீனாவில் சர்க்கரை நோய் மிகக் குறைவு. அதே வம்சத்து மனிதர் போர்ட் லூயிஸில் கடை வைத்து இரண்டு மூன்று தலைமுறை ஆனதும் நம் மாமாவோடு சேர்ந்து மாத்திரை வாங்க வரிசையில் நிற்கிறார். இரத்தம் வேறு வேறு, தீவு ஒன்று. பரம்பரை விறகை அடுக்கி வைக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாம் வாழும் விதம்தான் தீக்குச்சி.

எந்த விதம்? 1834 முதல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர், போர்ட் லூயிஸில் உள்ள 'ஆப்ரவாசி காட்' என்ற இறங்குதுறையின் பதினாறு படிகளில் ஏறி இந்த மண்ணில் கால் வைத்தார்கள். அவர்களுக்கு அளந்து கொடுக்கப்பட்டது அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு. விடியலிலிருந்து கரும்பு வெட்டுகிறவனுக்கு அந்த அரிசி முழுவதும் தேவைப்பட்டது, சொல்லப்போனால் போதவும் இல்லை. 1970களில் துணி ஆலைகள் வந்தன, அப்புறம் ஹோட்டல்கள், இப்போது எபேன் என்ற கணினி நகரின் கண்ணாடிக் கட்டடங்கள். கரும்பு வெட்டியவரின் கொள்ளுப்பேரன் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான், சோற்றுக் குவியல் மட்டும் கொள்ளுத்தாத்தாவினுடையது. போதாததற்குக் காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டி, பதினோரு மணிக்கு ஒரு ஜோடி தால்பூரி, மாலையில் கத்தோ பிமா என்று இங்கே அழைக்கப்படும் நம் பருப்பு வடை. வடையும் பூரியும் தெருவோரத்தில் சூடாக வாங்கினால் சொர்க்கம்தான், நான் அதை மறுக்கவே மாட்டேன். தினமும் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இனிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்கட்டும், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மூன்று கோப்பைத் தேநீருக்கு இரண்டிரண்டு சின்னக் கரண்டி போட்டால் 24 கிராம் ஆகிவிடும். அதோடு 330 மில்லி கோலா டின் ஒன்று என்றால் அதில் மட்டும் சுமார் 35 கிராம். தண்ணீராகக் குடிப்பதால் வயிறு அதைச் சாப்பாடாகவே கணக்கில் எடுப்பதில்லை, அடுத்த வேளை குறைத்துச் சாப்பிடவும் மாட்டோம். இங்கே 2009இல் பள்ளிக்கூடக் கேன்டீன்களில் குளிர்பானத்தைத் தடை செய்தார்கள். 2013 முதல் பானத்தில் உள்ள சர்க்கரைக்குக் கிராம் கணக்கில் வரி. கரும்புத் தீவு சர்க்கரைக்கு வரி போடுவதில் ஒரு சின்னச் சோகமும் இருக்கிறது.

உப்பு வேறு வழியாக வேலை செய்கிறது. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தின் அளவு கூடும், குழாய்ச் சுவரில் அழுத்தம் ஏறும். இதயமும் சிறுநீரகமும் மூளையும் அந்த அழுத்தத்தை வருஷக்கணக்கில் தாங்குகின்றன. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது தட்டையாக ஒரு சின்னக் கரண்டிக்குள், போதும் என்கிறார்கள். சமையலில் நாம் அளந்து போடும் உப்பு கண்ணுக்குத் தெரியும். ஊறுகாய், உப்பு மீன், பாக்கெட் நூடுல்ஸ், மசாலாக் கட்டி, ஏன், ரொட்டிக்குள்ளேயே இருக்கும் உப்பு தெரியாது.

வகுப்பில் ஒருவர் கேட்டார், "அப்படியானால் எங்க செத் காரியையும் விட்டுவிட வேண்டுமா?" வாழையிலையில் ஏழு கறி, ரசோங் என்று இங்கே சொல்லும் ரசம், பாயசம். விட வேண்டியதே இல்லை. வருஷத்தில் நாலைந்து நாள் சாப்பிடும் விருந்துக்கு ஒருவரை நோயாளியாக்கும் சக்தி இல்லை. மறுபக்கமும் அப்படித்தான். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்து மீனும் இறைச்சியும் தொடாமல் இருந்ததால் உடம்பு சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். பத்து நாளுக்குப் பழைய கணக்கை அழிக்கும் சக்தியும் இல்லை. (சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் விரதத்துக்கு முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம்.) நம்மை உருவாக்குவது வெறும் நாள். எதுவும் விசேஷமில்லாத செவ்வாய்க்கிழமை இரவு, களைத்து வந்து, யோசிக்காமல் போட்டுக்கொள்ளும் தட்டு.

அந்தத் தட்டை எவ்வளவு மாற்ற வேண்டும்? நினைப்பதைவிடக் கொஞ்சம்தான். சென்னையில் நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்து 2006இல் வெளியானது. உணவைச் சீர்படுத்தி, நடக்கச் சொன்னதில் மூன்று வருஷத்தில் நோயாக மாறுவது 28.5 சதவீதம் குறைந்தது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அவர்கள் எடை பெரிதாக இறங்கவே இல்லை. அமெரிக்காவில் இதேபோல் நடந்த ஆய்வில் எடையையும் குறைத்தவர்களுக்கு 58 சதவீதம் குறைந்தது. சட்டை அளவு மாறாவிட்டாலும் உள்ளே ஏதோ சரியாகிக்கொண்டிருக்கிறது என்பது சோர்ந்து போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். பாகற்காய்ச் சாறு குடித்தால் மாத்திரையை நிறுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். பாகற்காய் நல்ல காய், கறி வைத்துச் சாப்பிடுங்கள். மாத்திரைக்கு அது மாற்று இல்லை.

எங்கள் வீட்டில் செய்தது இவ்வளவுதான். சோற்றுக் கரண்டியைச் சிறியதாக மாற்றினேன். குறைந்த இடத்தில் பருப்பும் கீரையும் காயும் கூடுதலாக வந்தன. நார்ச்சத்து இருந்தால் குளுக்கோஸ் மெதுவாக ஏறும், வயிறும் நிறைந்திருக்கும். இதற்கெல்லாம் கடல் கடந்து வரும் விலை உயர்ந்த விதைகள் தேவையில்லை. சந்தையில் ப்ரெட் முரும் என்று கட்டுக்கட்டாக விற்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது ஏதோ பிரெஞ்சுக் கீரை என்று நினைத்தேன். முருங்கைக்கீரை! பீர்க்கங்காய் இங்கே பிபெங்காய். மொழியை மறந்த வீடுகளில்கூடக் காய்களின் பெயர்கள் தமிழை விடவில்லை. அத்தை தேநீரில் ஒரு கரண்டியைக் குறைத்தார். முதல் வாரம் கஷாயம் என்றார், மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுத் தேநீர் பாகு மாதிரி இருக்கிறது என்றார். மாலையில் கோயில் வரை நடை. மாத்திரையும் தொடர்கிறது.

வெறும் வயிற்றுப் பரிசோதனை நேற்றைய கதையை மட்டும் சொல்லும். முதல் நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்றலாம், அத்தையே செய்திருக்கிறார். ஹெச்பிஏ1சி என்ற இன்னொரு பரிசோதனை உண்டு. இரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். அத்தனை நாளும் அதன் மேல் குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் இரண்டு மூன்று மாதக் கதை வந்துவிடும். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய். விரதப் பத்து நாளும், செத் காரி ஒரு நாளும், மற்ற வெறும் நாட்கள் அத்தனையும் அதில் சேர்ந்து எழுதப்பட்டிருக்கும்.

அதில் இன்னொரு வசதி, அது சதவீதம். அங்கேயும் இங்கேயும் ஒரே எண், பெருக்க வேண்டியதில்லை. போன மாதம் இருவரும் பார்த்தார்கள். அத்தைக்கு 7.1, அம்மாவுக்கு 7.9. அம்மா போனில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சம்பந்தியம்மா கிட்ட போனைக் குடு, அந்த முருங்கைக்கீரையை எப்படி வைக்கிறாங்கன்னு கேக்கணும்" என்றாள்.